வெள்ளை கவுனில் வைத்த மஞ்சள்

எங்கள் பகுதியில் தங்கள் உடைகளைத் தாங்களே வீட்டில் தைத்துக்கொள்ளும் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். கடையில் தொங்குவதை வாங்க மாட்டார்கள். அம்மாவின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவார்கள். "இந்தக் கை பாரு, எப்படி உப்பி நிக்குது" என்பார்கள். அப்புறம் அந்தக் காலத்து பஃப் கையையும், வட்டக் காலரையும், குடை போல விரியும் பாவாடையையும் தைத்துப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இவர்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஆன்ட்டி, இருபத்தேழு வருஷம் கட்டிங் பண்ணியிருக்கீங்க. நம்ம ஆண்டு மலருக்கு டிப்ஸ் எழுதிக் குடுங்க" என்று ஒரே நச்சரிப்பு.

என்னிடம் டிப்ஸ் இல்லை. தப்புகள் இருக்கின்றன. அவை இருபத்தேழு வருஷத்துக்கும் தாராளமாக வரும். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் மருமகள் திருத்துவாள். மற்ற பிழைகள் நடந்து முடிந்தவை, அவற்றை அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு ஊர் ஹனூர் பக்கம். கல்யாணமாகி மைசூருக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. பொழுது போகவில்லை என்று ஆறு மாதத் தையல் வகுப்புக்குப் போனேன். அங்கே தலையணை உறையும் குழந்தை ஜட்டியும் தைக்கக் கற்றுக்கொண்டு ஒரு சான்றிதழும் வாங்கினேன். அதைச் சட்டம் போட்டு, பூஜை அலமாரியில் எங்கள் ஊர்ச் சாமி மாதேஸ்வரன் படத்துக்குக் கீழே மாட்டினேன். ஜட்டி தைத்ததற்கு இவ்வளவு பெருமையா என்று சாமியே சிரித்திருப்பார். அந்தத் தைரியத்தில்தான் மண்டி மொஹல்லாவில் ஜப்பார் மாஸ்டர் கடைப் படியேறினேன். லேடீஸ் டெய்லர் கடை. மாடிப்படிக்குக் கீழே காஜா போடுகிற இடம், உள்ளே நான்கு மிஷின், நடுவில் வெட்டுகிற மேஜை.

மாஸ்டர் ஒல்லியான மனிதர். கழுத்தில் டேப்பு, காதில் சாக்பீஸ். வாடிக்கைக்காரர்களோடு கன்னடம், வீட்டில் உருது, என்னோடு கன்னடம் கலந்த ஒரு தமிழ். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றி ஒரு வெட்டுத் துண்டை எடுத்து நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தால் நான் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவேன்.

அவர் முறைகள் எல்லாம் அசையாதவை. துணி வந்தால் முதலில் தண்ணீரில் நனைய வேண்டும், நிழலில் காய வேண்டும். மார்பளவு எடுக்கும்போது நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். "பேசினாதான் மூச்சு சரியா வரும். சும்மா நின்னா எல்லாரும் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிறாங்க" என்பார். அளவு ஜாக்கெட் என்று யாராவது பழையதைக் கொண்டுவந்து போட்டால் இரண்டு கேள்வி கேட்பார்: இது யாருடையது, கடைசியாக எப்போது போட்டது. "என்னோடதுதான்" என்று சொல்லி நாத்தனார் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. கடைசியில், வெட்டுவதற்கு முன்னால், துணியின் மேல் உள்ளங்கையைப் பரப்பி ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பார். "கத்தரி போட்டா வாபஸ் இல்ல, சரசம்மா."

நான் அந்த ஒரு மூச்சு நேரத்தில் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன். எங்கள் வீட்டில் மஞ்சள் வைக்காமல் புதுத் துணி உடுத்த மாட்டோம். உடுத்தவே கூடாது என்றால் வெட்டலாமா? அதனால் ஒரு சின்ன டப்பாவில் குழைத்த மஞ்சளை இடுப்பில் செருகி வைத்திருப்பேன். வெட்டப்போகும் துணியின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, மாதேஸ்வரனை நினைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுப்பேன். மாஸ்டர் ஒருநாள் பார்த்துவிட்டார். "ஏனு இது?" என்றார். சொன்னேன். பொட்டு வைத்த ஓரத்தை விரலால் மடித்துப் பார்த்தார்.

"வெக்கலாம். உள்ள போற இடத்துல வெய்யுங்க. வெளிய வரக் கூடாது."

அன்றிலிருந்து தையலுக்குள் மடங்கிப் போகும் ஓரத்தில்தான் வைப்பேன். எல்லா மதத்துப் பெண்களும் எங்கள் கடைக்கு வருவார்கள். டாக்டரம்மாக்கள், காலேஜ் லெக்சரர்கள், பர்தாவுக்குள் போட நல்ல சுடிதார் தைக்க வருகிறவர்கள். இத்தனை பேரும் அக்குளுக்குள் மாதேஸ்வரன் மஞ்சளோடு மைசூர் முழுக்க நடமாடுகிறார்கள் என்று நினைத்து எனக்குள்ளேயே பூரித்துப்போவேன். யாரும் கேட்காத சேவை.

கடையில் இன்னொரு விதியும் இருந்தது. அதை நான் சேர்ந்த இரண்டாம் மாதமே தெரிந்துகொண்டேன். பேங்கில் வேலை செய்யும் ஒரு அம்மாவின் பட்டு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார்.

"அவங்க பன்னெண்டு மணிக்கு வர்றாங்க. நீவே ஹோகி ஹேளி."

நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்கிறார். நான், "மாஸ்டர், முதல்ல போட்டுப் பாக்கட்டும், ஒருவேளை தெரியாமப் போனா…" என்று இழுத்தேன்.

"போட்டுப் பாக்கறதுக்கு முன்னால சொன்னா அது சொல்றது. போட்டுப் பாத்த அப்புறம் சொன்னா அது மாட்டிக்கிறது. ரெண்டும் வேற வேற."

போய்ச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எனக்கு வலது கைன்னு ஒண்ணு இருக்குதே, அளவெடுக்கறப்ப கவனிக்கலையா நீங்க?" என்று கேட்டார். கடையே சிரித்தது. எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர். அன்று தொடங்கி, தப்பு செய்கிற ஒவ்வொரு முறையும் சொல்லப் போவதற்கு முன் ஒரு வேண்டுதல் வைப்பேன். இந்தத் தடவை திட்டு வாங்காமல் வந்தால் மாதேஸ்வரன் மலைக்கு அடிவாரத்திலிருந்து நடந்தே வருகிறேன் என்று. என்னுடன் மலையேறியவர்கள் எல்லாம் என் பக்தியைப் பார்த்து மெச்சுவார்கள். அவை எல்லாம் ஜாக்கெட் கணக்கு என்பது எனக்கும் சாமிக்கும் மட்டுமே தெரியும்.

இப்படியே வருஷங்கள் போயின. என் சொந்த ஜாக்கெட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நல்லது. ஊருக்கெல்லாம் வெட்டிவிட்டு மிச்ச நேரத்தில் தைத்துக்கொண்டவை. ஒன்று தோளில் நிற்காது, ஒன்றில் கை உயராது. தீபாவளிக்கு ஊக்கு குத்திக்கொண்டு போன டெய்லர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு கடைக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் ஜெனிபர். கம்ப்யூட்டர் வேலை, வீட்டில் சொந்த மிஷின், தன் உடையைத் தானே தைத்துக்கொள்கிற பெண். அப்போது இப்படிப்பட்டவர்கள் நிறைய வர ஆரம்பித்திருந்தார்கள். வெட்டி மட்டும் வாங்கிப் போவார்கள், தையல் வீட்டில். தாய் ஸ்டெல்லா டீச்சர், நர்சரி பள்ளியில் வேலை பார்த்து முடித்தவர். ஊர் கோலார் தங்கவயல். கையில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் இருந்தது அவருடைய கல்யாண கவுன்.

சும்மா கவுன் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால், தங்கவயல் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு மிஷினில், தானே தைத்தது. தந்த நிறமாகிவிட்ட வெள்ளை சாட்டின். உயர்ந்த கழுத்து, பின்னால் இழுபடும் நீளமான பாவாடை. மணிக்கட்டு வரை நீண்ட கை, கைக்குப் பதினோரு துணிப் பட்டன். ஜெனிபருக்குத் தன் கல்யாணத்துக்கு அதே பழைய பாணிதான் வேண்டும். ஆனால் அவள் அம்மாவை விட ஒரு சாண் உயரம், தோளும் அகலம். அகலமான பாவாடையைக் குறுக்கி, பின்னால் இழுபடுவதை எடுத்துவிட்டால் மேல் பாகத்துக்கும் கைக்கும் துணி கிடைக்கும். அவ்வளவுதான் கிடைக்கும். ஒரு விரற்கடை மிச்சம் இருக்காது.

"வெட்டிக் குடுங்க மாஸ்டர், தைக்கிறது நான்" என்றாள் ஜெனிபர். "அம்மாவுக்குத்தான் மனசில்ல."

"மனசு இருக்கு. பயமும் இருக்கு" என்றார் டீச்சர். "யாரு வெட்டுவாங்க?"

மாஸ்டர் என்னைக் காட்டினார். அவருக்கு அப்போது கையில் லேசான நடுக்கம் வந்திருந்தது. நுணுக்கமான வெட்டெல்லாம் என் பொறுப்பு. டீச்சரின் கண் என் முகத்திலிருந்து தோளுக்கு இறங்கியது. அன்று நான் போட்டிருந்தது அந்தத் தோளில் நிற்காத ஜாக்கெட்.

"இவங்க ஜாக்கெட்ட யாரு தெச்சது?"

நான் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டேன். சிரித்து வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து ஜெனிபர் கவுனைத் தையல் பிரித்து, நனைத்து, இஸ்திரி போட்டுத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணத்துக்கு இன்னும் பதினைந்து நாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் தொழுகைக்குப் போயிருந்தார். நான் பாவாடையின் முன்பக்கத் துண்டை எடுத்தேன். அதை நீளவாட்டில் இரண்டாக மடித்து, பாதி வடிவம் வரைந்த பேப்பரை வைத்து வெட்ட வேண்டும். மடிப்பு ஓரம்தான் பாவாடையின் நட்டநடு. வழக்கமாக மடிப்பு என் பக்கம் இருக்கும். மஞ்சள் எதிர்ப்பக்கத்து ஓரத்தில் வைப்பேன், அது தையலுக்குள் போய்விடும். இந்தத் துண்டு மேஜையை விட நீளம் என்பதால் திருப்பிப் போட்டிருந்தேன். இஸ்திரியில் மடிப்பு கத்தி போல நின்றது, பார்வைக்குத் துணியின் வெளி ஓரம் மாதிரியே இருந்தது. மூலையில் துணி நகராமலிருக்க இரும்புக் கட்டை. அதனால் இரண்டு சாண் மேலே தள்ளி, வழக்கம் போல எதிர்ப்பக்கத்து ஓரத்தில், தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன். கண்ணை மூடி, "இந்தப் பொண்ணு நல்லா இருக்கணும், மாதேஸ்வரா" என்று மனசார வேண்டிக்கொண்டேன். பக்கத் தையல் ஓரத்தை அழகாக வெட்டினேன். பிரித்தேன்.

வெள்ளை சாட்டினின் நட்டநடுவில், முழங்காலுக்கு நேராக, மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தது.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மாஸ்டர் திரும்பி வருவதற்குள் துணியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். "வீட்ல வெச்சு இஸ்திரி போட்டுக் கொண்டாறேன்" என்று ஒரு பொய். வீட்டுக்குப் போனதும் சோப்பு நுரையில் அந்த இடத்தைத் தேய்த்தேன். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறியது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், சோப்பு பட்டாலும் சிவக்கும். தினம் நெற்றியில் வைக்கிற குங்குமம் எப்படி வருகிறது என்று தெரியாதவளா நான்? ஆக, மஞ்சளும் வைத்தாயிற்று, குங்குமமும் வைத்தாயிற்று. கிறிஸ்தவக் கல்யாண கவுனுக்கு ஒரு முழு அர்ச்சனை.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, சாமிக்குச் சாத்தற துணியா?" என்றார். நான் அழுததைப் பார்த்ததும் காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை மாஸ்டர் முன்னால் துணியைப் பிரித்துப் போட்டேன். கண்ணாடி கழன்றது. இந்த முறை வெகுநேரம் துடைத்தார்.

"எப்ப ஆச்சு?"

"நேத்து மத்தியானம்."

"நேத்து மத்தியானம்" என்று அவரும் ஒரு முறை சொன்னார். அதுதான் அவர் என்னைத் திட்டியது. இருபத்தைந்து வருஷத்தில் அதைவிடப் பெரிய திட்டு வாங்கியதில்லை.

"மாஸ்டர், மஞ்சக் கறை வெயில்ல போயிடும். ரெண்டு நாள் காய வெச்சுப் பாக்கறேன். போயிட்டா அவங்களுக்குத் தெரிய வேண்டியதே இல்ல."

"போனாலும் சொல்லணும். போகலேன்னாலும் சொல்லணும். வெயிலுக்கு எதுக்குக் காத்திருக்கணும்?"

கவுனின் எல்லாத் துண்டுகளையும் வெட்டுப் பேப்பரையும் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து, பன்னி மண்டபத்தில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். இந்த முறை வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. நடந்தே மலைக்கு வருகிறேன் என்று சொன்னால், வைத்த மஞ்சளே உன் பேரில்தானே என்று சாமி கேட்டுவிட்டால் என்ன சொல்வது? ஹாலில் ஜெனிபர் மிஷின் முன்னால் உட்கார்ந்து பட்டன்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். டீச்சர் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்வதற்கு முன்னாலேயே வாசலில் நின்று சொல்லிவிட்டேன். துணியையும் பிரித்துக் காட்டினேன்.

டீச்சர் துணியை வாங்கி, கறையின் மேல் விரலை வைத்தார். பிறகு, "இன்னாம்மா இது" என்றார் மெதுவாக.

"மஞ்சள் டீச்சர். வெட்டறதுக்கு முன்னால வைப்பேன். பழக்கம். நல்லா இருக்கணும்னுதான்…"

"நல்லா இருக்கணும்னா? இதைத் தெச்சு முடிக்கிற வரைக்கும் நான் சாப்பிட்ட கையோட தொட்டதில்ல. முப்பது வருஷமா மெல்லிசுத் துணியில சுத்தி வெச்சிருந்தேன். வெட்டக் குடுக்கிறதுக்கே மூணு மாசம் யோசிச்சேன்." அவர் அந்தத் துண்டை மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "வேற துணி இருக்கா? சொல்லுங்க, இருக்கா?"

"இல்ல டீச்சர்."

ஜெனிபர் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "அம்மா, வினிகர் தொட்டா சிவப்பு திரும்ப மஞ்சளாயிடுமாம். மஞ்சள் வெயில்ல போயிடுமாம்."

"வெயிலா?" டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். மழைக்காலம். மைசூர் வானம் சாம்பல் நிறத்தில் கவிழ்ந்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க வெச்சது. நீங்களே வந்து காவல் இருங்க."

திங்கள்கிழமையிலிருந்து மூன்று நாள் கடைக்கு லீவு போட்டு அவர்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். வினிகரில் சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. ஒரு பெரிய அட்டையில் கறை அளவுக்கு மட்டும் ஓட்டை போட்டு, மிச்ச சாட்டின் முழுவதையும் அதனால் மூடி, ஓட்டை வழியாக வெயில் விழும்படி வைத்தோம். இல்லையென்றால் சுற்றியிருக்கும் தந்த நிறமும் வெளுத்துவிடும். வெயில் ஐந்து நிமிஷம் வரும், அரை மணி நேரம் போய்விடும். அது நகர நகர நானும் துணியோடு பாயை இழுத்துக்கொண்டு நகர்வேன். காக்கை வந்தால் கையை வீசுவேன். தூறல் விழுந்தால் சுருட்டிக்கொண்டு ஓடுவேன். பக்கத்து மாடியிலிருந்து ஒரு அம்மா, "ஏனு டீச்சர், ஹப்பள ஒணகிஸ்தா இத்தீரா?" என்று கேட்டார். அப்பளம் காய வைக்கிறீர்களா என்று. டீச்சர் அசராமல், "ஹௌது, ஒந்தே ஒந்து" என்றார். ஆமாம், ஒன்றே ஒன்று.

முதல் நாள் டீச்சர் என்னோடு பேசவில்லை. மத்தியானம் சாப்பாடு மட்டும் கொண்டுவந்து வைத்தார். இரண்டாம் நாள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்தப் பதினோரு பட்டன் ஏன் என்று நான் கேட்டேன். பன்னிரண்டுக்குத் துணி போதவில்லையாம். கோபமாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு மேகம் விலகி ஒரே மூச்சாக மூன்று மணி நேரம் வெயில் அடித்தது. நான் எழுந்து நின்று சூரியனைப் பார்த்துக் கும்பிட்டேன். டீச்சர் தடுக்கவில்லை.

சாயங்காலம் துணியைக் கீழே கொண்டுபோய் மேஜை மேல் விரித்தோம்.

"எனக்குத் தெரியலம்மா" என்றாள் ஜெனிபர்.

டீச்சர் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார், குழல் விளக்கின் கீழே பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். "எனக்குத் தெரியுது."

"எனக்கும்" என்றேன் நான்.

"நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியுது" என்றார் டீச்சர். "அது பரவால்ல."

நான் செருப்பைத் தேடினேன். "மேல் பாகமும் கையும் இன்னும் வெட்டணும். இனிமே மாஸ்டரே வந்து வெட்டட்டும் டீச்சர். எப்படியும் வரச் சொல்றேன்."

டீச்சர் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பழைய கத்தரிக்கோல். பிடியில் கறுப்புச் சாயம் உரிந்திருந்தது. கவுனை முதல் முதலில் வெட்டியது அதை வைத்துத்தானாம்.

"கடைக் கத்தரி வேணாம். இதுல வெட்டுங்க."

"நானா?"

"எங்க தப்பு நடக்கும்னு உங்களுக்கு இப்ப தெரியும். மாஸ்டர் வந்தா அவரு புதுசா தெரிஞ்சுக்கணும். உக்காருங்க."

ஹாலில் பாயை விரித்து, மிச்சத் துணியைப் போட்டு, மடித்து, பேப்பரை வைத்தேன். உள்ளங்கையைத் துணி மேல் பரப்பினேன். என்னை அறியாமல் வலது கை இடுப்புக்குப் போனது. டப்பா வீட்டில் இருந்தது, ஆனால் கைக்கு அது தெரியவில்லை. டீச்சர் பார்த்துவிட்டார்.

"இன்னா தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல டீச்சர். பழக்கம்."

"கும்பிடாம வெட்டாதீங்க" என்றார் அவர். "கும்பிடறதுக்கு வெறும் கை போதும்."

நான் கை கூப்பினேன். அவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை இட்டுக்கொண்டார். மிஷினுக்குப் பின்னாலிருந்து ஜெனிபர், "ரெண்டு பேரும் முடிச்சாச்சா? எனக்கு இன்னும் பதினாறு பட்டன் இருக்குது" என்றாள். மடிப்பு எந்தப் பக்கம் என்று விரலால் இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, வெட்டினேன்.